கானாவில் சஃபாரி போக நினைக்கிறவர்களுக்கு: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆப்பிரிக்காவில் சஃபாரி என்று சொன்னதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது கென்யாவும் தான்சானியாவும்தான். திறந்த ஜீப், கைக்கெட்டும் தூரத்தில் சிங்கம், ஆற்றில் இறங்கும் மந்தைகள். மேற்கு ஆப்பிரிக்கா வேறு மாதிரி. இங்கே விலங்குகளின் எண்ணிக்கை குறைவு. காடும் திறந்த வெளியாக இருக்காது. ஆள் உயரப் புல்லும் புதருமாக அடைத்துக் கிடக்கும். பத்தடி தள்ளி ஒரு மான் நின்றாலும் கண்ணில் படாது. அவற்றை வெளியே வரவைப்பது தாகம்தான். எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே வற்றிப் போயிருக்கும் என்று விசாரித்துத் தேதி குறித்தவர்கள் மனம் நிறையப் பார்த்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்த வாரத்தில் கிளம்பியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

கணவரின் வேலை காரணமாகப் பல ஆண்டுகளாக கானாவின் துறைமுக நகரமான டெமாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களை வடக்கே மோலே தேசியப் பூங்காவுக்கும், திரும்பி வந்து வோல்டா ஏரிக்கும் அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கடைசியாக வந்தது திருநெல்வேலியிலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் மகள். அவர்களுக்காகத் திட்டம் போட்டபோது சேர்ந்த குறிப்புகளோடு, இத்தனை நாளில் நானும் கணவரும் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏன் கானா என்று அத்தான் கேட்டார். சிங்கம் வேண்டுமென்றால் பெனின், புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்று நாடுகளும் சேரும் இடத்திலுள்ள டபிள்யூ, அர்லி, பெண்ட்ஜாரி காடுகளுக்குத்தான் போக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் சுமார் 400 சிங்கங்களே மிஞ்சியிருக்கின்றன என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பெரும்பகுதி அந்தக் காடுகளில்தான். ஆனால் 2019 மே மாதம் பெண்ட்ஜாரியில் இரண்டு பிரெஞ்சுப் பயணிகள் கடத்தப்பட்டார்கள், அவர்களுடைய வழிகாட்டி கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் ஆயுதக் குழுக்களின் நடமாட்டம் கூடித்தான் இருக்கிறது. குடும்பத்தோடு போகிற இடமாக இப்போது அதைச் சொல்ல முடியாது. கானாவில் சிங்கம் பார்ப்போம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் காட்டு யானைகளை ஜீப்பிலிருந்து இல்லாமல் நடந்து போய்ப் பார்க்கிற வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அது குறைந்த பேறு இல்லை.

மோலே, கானாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். 1958-இல் காப்பகமாக ஒதுக்கப்பட்டு 1971-இல் தேசியப் பூங்கா ஆனது. உள்ளே ஓடுகிற மோலே ஆறு வெள்ளை வோல்டா என்கிற பெரிய ஆற்றில் சேர்கிறது, அந்த ஆறு வோல்டா ஏரியில் சேர்கிறது. 1965-இல் கட்டி முடித்த அகொசொம்போ அணையால் உருவான வோல்டா ஏரி சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரந்தது; வடக்குத் தெற்காக 400 கிலோமீட்டர் நீளம். மனிதர் உண்டாக்கிய ஏரிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆக, வடக்கே காட்டில் பெய்கிற மழைதான் தெற்கே ஏரியாக நிற்கிறது. இந்த இணைப்பை மனதில் வைத்துக்கொண்டால் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

தென் கானாவில் இரண்டு மழைக்காலம் உண்டு. வடக்கில் ஒன்றுதான், ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் காடு முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்பதால் யானை எங்கே வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளும், குட்டையைத் தேடி வர வேண்டியதில்லை. உள்ளே போகிற மண் தடங்களும் சேறாகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு சிக்கலும் சேரும். மேலே புர்கினா ஃபாசோவிலுள்ள பாக்ரே அணை நிரம்பித் திறந்துவிடும்போது வெள்ளை வோல்டா கரை புரளும். கரையோர ஊர்களுக்கு ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுவார்கள்.

நவம்பர், டிசம்பர் பார்ப்பதற்கு அழகான மாதங்கள். பசுமை இருக்கும், வெயில் தாங்கக்கூடியது, ஆற்றில் தோணி ஓடத் தண்ணீர் இருக்கும், பறவை பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். யானை தென்படுவது மட்டும் உறுதி இல்லை, ஏனென்றால் காட்டுக்குள் குட்டைகள் இன்னும் வற்றியிருக்காது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். வானம் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். உதடு வெடிக்கும், தொண்டை காயும், படங்கள் மங்கலாக வரும். இரவில் மட்டும் நல்ல குளிர்ச்சி. அப்புறம் பிப்ரவரிக் கடைசி, மார்ச், ஏப்ரல் தொடக்கம். வெயில் 40 டிகிரியைத் தொடும், புல் எரிந்தும் காய்ந்தும் தரை தெரியும், எங்கும் தண்ணீர் இருக்காது. பூங்கா விடுதியின் கீழே இருக்கிற இரண்டு பெரிய குட்டைகள் மட்டும் மிஞ்சி நிற்கும். விலங்குகள் அங்கே வந்தே ஆக வேண்டும். அக்கா குடும்பத்துக்கு நான் சொன்னது மார்ச். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சூடு பெரிதாகத் தெரியவில்லை. குளிரூட்டப்பட்ட அறையிலேயே இருந்து பழகியவர்கள், சிறு பிள்ளை வைத்திருக்கிறவர்கள் ஜனவரிக் கடைசியில் போகலாம். தூசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை இரவு தங்குவது என்பதில் பயண ஏற்பாட்டாளர்கள் தருகிற திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். எங்களுக்கு ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் மோலேயில் ஓர் இரவு மட்டும்தான் இருந்தது. மதியம் போய்ச் சேர்ந்து, மாலையில் ஒரு நடை, காலையில் ஒரு நடை, உடனே கிளம்ப வேண்டியது. மூன்று இரவாவது வேண்டும் என்று மாற்றச் சொன்னோம். யானை தினமும் ஒரே குட்டைக்கு வருவதில்லை. வராத நாளில் ஜீப்பில் உள்ளே போகவும், தோணியில் போகவும் நேரம் இருந்தால்தான் போன செலவுக்கு அர்த்தம் உண்டு. மார்ச்சில் அறைகள் நிரம்பிவிடும். பூங்காவுக்குள் மலைச்சரிவின் விளிம்பில் இருக்கிற மோலே மோட்டல் பழையது, எளிமையானது. அறை வாசலிலிருந்தே குட்டைகள் தெரியும். ஜைனா லாட்ஜ் செலவு கூடியது. கூடார அறைகள், சொந்த ஜீப்புகள், நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. எங்கள் தேர்வு எப்போதும் மோட்டல்தான். அந்த விளிம்பில் நாற்காலியைப் போட்டு, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

தலைநகர் அக்ராவிலிருந்து வடக்கே தமாலே நகரத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பஸ்ஸில் 600 கிலோமீட்டருக்கு மேல், பகல் முழுவதும் போய்விடும். வயதானவர்கள் கூட வந்தால் விமானம்தான் சரி. ஹர்மத்தான் மாதங்களில் தூசியால் பார்வைத் தூரம் குறைந்து உள்நாட்டு விமானங்கள் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். ஊருக்குத் திரும்புகிற சர்வதேச விமானத்தை தமாலேயிலிருந்து வருகிற அதே நாளில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் அக்ராவில் விடுங்கள்.

தமாலேயிலிருந்து மோலேக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். யாப்பேயில் வெள்ளை வோல்டா பாலத்தைக் கடந்து, ஃபுஃபுல்ஸோ சந்திப்பில் மேற்கே திரும்பி, டமோங்கோ வழியாகப் பூங்காவை ஒட்டிய லராபங்கா ஊர். முன்பு செம்மண் பள்ளமாகக் கிடந்த சாலை. ஃபுஃபுல்ஸோவிலிருந்து சாவ்லா வரை தார் போட்ட பிறகு பயணம் பாதியாகக் குறைந்துவிட்டது. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை எங்களுக்கு வந்த வண்டியில் ஸ்டெப்னியே இல்லை. டமோங்கோவுக்கு முன்னால் பஞ்சராகி, வழியில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் டயரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் ஒட்டி வாங்கி வந்தார். பணம் வாங்க மறுத்த அந்த மனிதரை எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொள்கிறோம். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் போகக் கூடாது. விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள், நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடுகள், சில இடங்களில் வழிப்பறி. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி விமான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோலே இருப்பது 2019-இல் உருவான சவான்னா மாநிலத்தில், டமோங்கோதான் தலைநகர். பொதுவாக அமைதியான பகுதி. ஆனாலும் 2025-இல் அதே மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு நிலத் தகராறு பெரிய மோதலாகிப் பல்லாயிரம் பேர் ஊரை விட்டு ஓடினார்கள். வடகிழக்கில் பாக்கு நகரத்தில் நெடுநாள் சண்டை. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய வாரம் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, சாலை எப்படி இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

இனி நடை. காலை 7 மணி வாக்கில் ஒன்று, பிற்பகல் மூன்றரை வாக்கில் ஒன்று. துப்பாக்கி ஏந்திய பூங்கா ரேஞ்சர் ஒருவர் முன்னால் போவார், நாம் ஒற்றை வரிசையில் பின்னால். மூடிய ஷூ கட்டாயம். இல்லாதவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாடகைக்குத் தருகிறார்கள். கட்டணம் ஆளுக்கு, மணிக்கு இவ்வளவு என்று. குடிமக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. கூட்டம் சேர்ந்துவிட்டால் நடையில் அமைதி போய்விடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய மாலையே ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போய், நம் குடும்பத்துக்குத் தனியாக ஒருவரைக் கேட்டு வைத்துவிடுவது நல்லது.

விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பாதை செங்குத்தானது. முழங்கால் வலி இருக்கிறவர்கள் அங்கே மெதுவாகப் போக வேண்டும். கீழே இறங்கியதும் ரேஞ்சர் ஒரு பிடி தூசியை எடுத்து உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். யானைக்கு நம் வாசனை போகாத பக்கமாகத்தான் வழியைப் பிடித்தார். முதலில் கண்ணில் பட்டவை கோப் என்கிற செம்பழுப்பு மான்கள். பிறகு முன்கால்களை மடக்கி முட்டி போட்டுப் புல் மேயும் வார்ட்ஹாக் பன்றிகள். குட்டையின் மறுகரையில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. ரேஞ்சர் நின்று கையை உயர்த்தினார். மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறமாக ஏதோ நகர்ந்தது. அடுத்த நிமிடம் மூன்று ஆண் யானைகள் குட்டையில் இறங்கின. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஐம்பது மீட்டர்தான் இருந்திருக்கும். முங்கிக் குளித்து, ஒன்றன் முதுகில் ஒன்று தும்பிக்கையைப் போட்டுத் தள்ளி, நீண்ட நேரம் விளையாடின. கோயில் யானையையும் முதுமலையையும் பார்த்திருக்கிற அக்காவுக்கு, அந்த விசிறிக் காதைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. மோட்டல் பக்கத்துக் குட்டைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆண்கள். குட்டியோடு இருக்கிற பெண் கூட்டங்கள் இன்னும் உள்ளே இருக்கும். அவற்றுக்கும் தந்தம் உண்டு, நம் ஊர்ப் பெண் யானைகளைப்போல் இல்லை.

நடையில் கடைப்பிடிக்க வேண்டியதை அந்த ரேஞ்சர் தெளிவாகச் சொன்னார். அவருக்கு முன்னால் போகக் கூடாது. அவர் நின்றால் நிற்க வேண்டும். யானை காதை விரித்து நம் பக்கம் திரும்பினால் ஓடக் கூடாது. அவர் காட்டுகிற பக்கமாகச் சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். படத்துக்காக இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று அவரை நச்சரிக்காதீர்கள். எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் மறுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. காப்பாற்ற வேண்டிய யானையைச் சுட நேர்ந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

ஜீப்பில் போனால் தூரம் போகலாம். ரோன், ஹார்டிபீஸ்ட், வாட்டர்பக் மான்களைப் பார்க்க ஜீப் வேண்டும். பூங்காவின் வண்டிகள் சிலதான். அவற்றையும் முந்தைய நாளே பதிய வேண்டும். தனி வண்டியில் வருகிறவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால் ரேஞ்சரை ஏற்றிக்கொண்டு உள்ளே போகலாம். இங்கே ஒரு முக்கியமான விஷயம், உடை. மோலேயில் செட்சி ஈ உண்டு. தூக்க நோயைப் பரப்புகிற வகை ஈ. மோலே வருகிற பயணிகளுக்கு நோய் வருவது அரிது என்றாலும் கடி நன்றாக வலிக்கும், துணிக்கு மேலேயே கடிக்கும். கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கிற நிறங்கள். அந்த ஈயைப் பிடிக்கத் தொங்கவிடும் பொறிகளையே நீலமும் கறுப்புமான துணியில்தான் செய்கிறார்கள். ஆகவே ஜீன்ஸை டெமாவிலேயே வைத்துவிட்டு வரும்படி அக்கா மகளிடம் சொல்லி, காக்கி நிறத்தில் தளர்ந்த பருத்திச் சட்டை வாங்கிக் கொடுத்தோம். ஜீப்பில் கூட வந்த ஒருவர் கருநீலச் சட்டையில் பட்ட பாட்டைப் பார்த்ததும் அவளுக்கும் காரணம் புரிந்தது.

மோட்டலைச் சுற்றித் திரிகிற பபூன் குரங்குகள் பயமறியாதவை. சாப்பாட்டு மேசையில் பொட்டலத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள். அவற்றுக்குத் தின்னக் கொடுப்பது அவற்றுக்கும் கேடு, அடுத்து வருகிறவர்களுக்கும் கேடு.

பறவைகளுக்காகவே வருகிறவர்கள் உண்டு. 300-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக மண் கரையில் பொந்து வைத்திருப்பதையும், தரையில் நடந்தே இரை தேடுகிற அபிசீனிய இருவாச்சியையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

பூங்காவின் எல்லையில் மொக்னோரி என்ற ஊர். அங்கே ஊரார் நடத்துகிற தோணிப் பயணம் இருக்கிறது. மோலே ஆற்றில் துடுப்புப் போட்டு, இரு கரையும் மரம் கவிந்த நிழலில் மெல்லக் கூட்டிப்போவார்கள். முதலை, குரங்கு, மீன்கொத்தி பார்க்கலாம். மார்ச்சில் தண்ணீர் குறைந்து தோணி போகிற தூரம் சுருங்கிவிடும், அதையும் தெரிந்து போங்கள். தோணிக்குப் பிறகு ஊருக்குள் பெண்கள் ஷியா வெண்ணெய் எடுப்பதைக் காட்டினார்கள். ஷியா மரமும் நம் இலுப்பையும் ஒரே குடும்பம். கொட்டையை உடைத்து, வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் கையால் கடைந்து வெண்ணெயாகத் திரட்டுகிற அந்த உழைப்பைப் பார்த்த அக்கா, பாட்டி காலத்து இலுப்பெண்ணெய் விளக்கைப் பற்றி அந்தப் பெண்களிடம் சொல்லச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஊர்ப் பையன் ஒருவன் அவர்கள் மொழியில் சொன்னான். அவர்கள் கொட்டையை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள்.

இந்த ஊருக்குப் போய்ச் செலவழிப்பது பூங்காவுக்கும் நல்லது. 1960-களில் காப்பகத்துக்குள் இருந்த ஊர்கள் வெளியேற்றப்பட்டன. இன்றும் எல்லையோரம் இருக்கிறவர்களின் வயலில் யானை இறங்கி விளைச்சலை அழிக்கிறது. காட்டினால் நஷ்டம் மட்டுமே கண்டவர்களிடம் காட்டைக் காப்பாற்றச் சொல்ல முடியாது. தோணிக்கும் தங்கலுக்கும் நாம் தருகிற பணம் அவர்கள் கையில் நேராகப் போகிறது. ஊருக்குள் நுழையும்போது முதலில் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அப்புறம்தான் வந்த விஷயத்தைப் பேச வேண்டும். எடுத்ததும் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. தமாலேப் பக்கம் காலையில் ‘தசிபா’ என்றால் முகம் மலர்ந்து ‘நா’ என்று பதில் வரும். பணமோ பொருளோ இடது கையால் கொடுக்கக் கூடாது. நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

லராபங்கா மசூதி பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மண்ணும் மரக்கம்புகளும் கொண்டு சூடானியப் பாணியில் எழுப்பி வெள்ளை பூசிய சிறிய கட்டடம். 1421-இல் கட்டியது என்பது ஊர் வழக்கு. வெளியிலிருந்து பார்க்கலாம். வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு பலர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவரிடம் மட்டும் பேசி, தொகையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீர்யானை பார்க்க வேண்டும் என்பது அத்தானின் ஆசை. அதற்கு மோலே இடமில்லை. அப்பர் வெஸ்ட் மாநிலத்தில் வா நகரத்துக்கு அப்பால் வெச்சியாவ் ஊர்மக்களே 1999-இல் தொடங்கிய நீர்யானைச் சரணாலயம் இருக்கிறது. கறுப்பு வோல்டா ஆற்றின் 40 கிலோமீட்டர் நீளத்தை அவர்கள் காக்கிறார்கள். 2008-இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசும் பெற்றார்கள். ஆற்றில் தண்ணீர் இறங்குகிற நவம்பர் முதல் மே வரை நீர்யானைகள் ஆழமான மடுக்களில் கூடி நிற்கும். நானும் கணவரும் முன்பு போய், தோணியிலிருந்து அவற்றின் காதும் மூக்கும் மட்டும் நீருக்கு மேல் தெரிவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் எதிர்க்கரை புர்கினா ஃபாசோ. அங்கே நிலைமை மாறிய பிறகு எல்லையோரம் போக வேண்டாம் என்று பல நாடுகள் தங்கள் குடிமக்களுக்குச் சொல்கின்றன. அத்தானிடம் இதைச் சொன்னதும், “வேண்டாம்மா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அங்க போக வேண்டாம்” என்று அவரே விட்டுவிட்டார்.

ஆகவே தெற்கே திரும்பி ஏரி. டெமாவிலிருந்து அகொசொம்போ இரண்டு மணி நேரத்துக்குள். அணையைப் பார்க்கலாம், ஏரியில் படகில் போகலாம். அட்டிம்போக்குவில் 1957-இல் திறந்த அடோமி பாலத்தின் அருகே அபொலோ என்கிற மாவுப் பண்டமும், ‘ஒன் மேன் தௌசண்ட்’ என்று பெயர் வைத்த பொரித்த பொடி மீனும் விற்பார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் விடக் கூடாது.

இந்த ஏரிக்காக சுமார் 80,000 பேர் ஊர் இழந்தார்கள். காட்டை வெட்டாமலே தண்ணீர் ஏறவிட்டதால் மரங்கள் ஏரிக்குள் இன்னும் நிற்கின்றன. ஜூன், ஜூலையில் நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும்போது மொட்டை மரங்கள் நீர்ப்பரப்பை ஒட்டி மறைந்திருக்கும். அவற்றில் மோதினால் படகு கவிழ்ந்துவிடும். மேற்குக் கரையில் டிக்யா தேசியப் பூங்கா இருக்கிறது. யானை, நீர்யானை, கடற்பசு எல்லாம் உள்ள காடு என்று பெயர். ஆனால் தங்க வசதியும் முறையான படகும் இல்லாத இடத்துக்கு உறவினரை அழைத்துப் போக எனக்கு மனம் வராது. 2006 ஏப்ரலில் அந்தப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களை நெருக்கி ஏற்றிய படகு கவிழ்ந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஏரியில் எந்தப் படகில் ஏறினாலும் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். மாலைக் காற்று எழும் முன் திரும்பிவிடுங்கள்.

ஏரியில் குளிக்கவும் கூடாது, கரையோரம் காலை நனைக்கவும் கூடாது. தேங்கிய நீரில் வளரும் நத்தைகள் வழியாக பில்ஹார்சியா என்கிற ஒட்டுண்ணிப் புழு நோய் பரவுகிறது. அணை வந்த பிறகு இந்த ஏரிக்கரையில் அது மிகவும் பெருகிவிட்டது. தோலில் காயம் இல்லாவிட்டாலும் புழு உள்ளே நுழையும். பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான். அக்கா மகள் கெஞ்சிக் கேட்டும் விடவில்லை. விடுதியின் நீச்சல் குளத்தில்தான் இறங்கினாள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தட்டைப்பயறும் பொரித்த நேந்திரமும் சேர்ந்த ‘ரெட் ரெட்’, அரிசியும் பயறும் சேர்த்து வேகவைத்த வாச்சே, பெருவள்ளிக்கிழங்கு வகையான யாம் வறுத்தது கிடைக்கும். ஆனால் குழம்பிலும் மிளகாய்ச் சட்னியிலும் மீன் தூளோ இறால் தூளோ சேர்த்திருப்பார்கள். “இறைச்சி இல்லை” என்று அவர்கள் சொல்வதில் மீன் அடங்காது. மீன் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அக்காவுக்காக டெமாவிலிருந்தே அவல், புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போனோம். மார்ச்சில் சாலையோரம் மாம்பழம் குவிந்திருக்கும். பணம் எடுக்க தமாலேயில் ஏடிஎம்கள் உண்டு; காட்டுப் பக்கம் கார்டை நம்பாமல் கானாவின் நாணயமான ‘செடி’ நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். கானா சிம் இருந்தால் மோமோ எனப்படும் மொபைல் பணம் எங்கும் செல்லும்.

கிளம்புமுன் ஊரில் முடிக்க வேண்டியவை விசாவும் ஊசியும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் முன்பே பேச வேண்டும். வறண்ட மாதங்களில் வட கானாவில் மெனிஞ்சைட்டிஸ் என்கிற மூளையுறைக் காய்ச்சல் பரவுவதுண்டு. அதற்கான ஊசி பற்றியும் கேளுங்கள்.

மலேரியாவை லேசாக நினைக்காதீர்கள். இங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகும். எந்தத் தடுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்கிறவர்கள் வெயிலில் தோலை மூடிக்கொள்ள வேண்டும், எட்டு வயதுக்குக் கீழே அதைப் பொதுவாகத் தருவதில்லை. எதுவானாலும் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடக் கூடாது. டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். திரும்பி வந்த பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ‘சாதாரண வைரல்’ என்று வீட்டில் படுத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், கானாவுக்குப் போய் வந்ததைச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அக்காவின் மருத்துவச் சீட்டிலேயே பயணத் தேதிகளை எழுதி வைத்துக் கொடுத்தனுப்பினோம்.